சாவுக்குக் கருணைப் பணமா? சட்டப்படி ஈடா?

(உடப்புசல்லாவையில் தோட்டத் தொழிலாளரும் மரக்கறிச் செய்கையாளரும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மங்கலமான பொருளன்று. புகையிரதப் பயணத்தில் ஒருவர் உயிரிழந்தால், அவரை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்குச் சட்டம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்க மறுக்கிறது, கொடுப்பதை எவ்வாறு பெறுவது என்பதே பொருள்.

“தண்டவாளமே இல்லாத ஊரில் புகையிரதத்தைப் பற்றி என்ன பேச்சு?” என்று சிலர் எண்ணலாம். நம் ஊரின் பெயரைத் தாங்கிய இரும்புப் பாதை ஒன்று ஒருகாலத்தில் இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். நானு ஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை, 1903, 1904ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட அந்தக் குறுகிய பாதைக்கு உடப்புசல்லாவைப் பாதை என்றே பெயர். இரண்டரை அடி அகலமுள்ள அந்தப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. 1940களில் அது மூடப்பட்டது, தண்டவாளமும் பெயர்த்தெடுக்கப்பட்டது. ஆயினும் நமக்கும் புகையிரதத்துக்கும் உள்ள உறவு அற்றுப்போய்விட்டதா? இல்லை. கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வீடு திரும்புவது எதிலே? நின்ற காலோடு, மிதிபலகையில் ஒற்றைக் கையால் தொங்கியபடி, நானு ஓயாவுக்கும் ஹட்டனுக்கும் வந்து சேருகிறவர்கள் யார்? நம் வீட்டுப் பிள்ளைகளே அல்லவா? ஆகவே இது நம்முடைய பேச்சு.

சட்டம் எப்படிப் பிறந்தது?

தோழர்களே! ஒருவரைக் காயப்படுத்தினால் ஈடு, கொன்றுவிட்டால் ஈடில்லை என்று ஒரு சட்டம் இருந்ததென்றால் நம்புவீர்களா? உலகத்துக்கெல்லாம் நீதி கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்தில் அப்படித்தான் இருந்தது. 1808ஆம் ஆண்டில் குதிரை வண்டி ஒன்று கவிழ்ந்து ஒரு பெண் காயமடைந்து, சில வாரங்களில் இறந்தார். கணவர் வழக்குத் தொடுத்தார். மனைவி உயிரோடு கிடந்த நாட்களுக்கு மட்டுமே அவர் இழப்பைக் கேட்கலாம். உயிர் போன கணத்தோடு உரிமையும் போய்விட்டது என்று எல்லன்பரோ பிரபு கூறினார். மனித உயிரின் இழப்பைக் குடியியல் நீதிமன்றத்தில் முறையிட முடியாது என்பது அன்றைய தீர்ப்பு.

அந்தச் சட்டத்தை அசைத்தது புகையிரதம். 1841 டிசம்பர் 24ஆம் நாள், லண்டனிலிருந்து பிரிஸ்டல் நோக்கிச் சென்ற சரக்கு வண்டி ஒன்று சொன்னிங் என்னும் இடத்தில் மண்சரிவில் மோதியது. அந்த வண்டியில் கூரையற்ற திறந்த பெட்டிகளில் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் ஏற்றப்பட்டிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிய கட்டடத் தொழிலாளர்கள் அவர்கள். புதிய பாராளுமன்றக் கட்டடத்தை எழுப்பிய கைகள் அவர்களுடையவை. ஒன்பது பேர் இறந்தனர். மரண விசாரணையில் அமர்ந்த ஜூரிகள் கொதித்துப்போய், கொலைக்குக் காரணமான எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் 1,000 பவுண் தண்டம் விதித்தனர். பழைய வழக்கப்படி அந்தத் தண்டம் முடிக்குரியது. இறந்தவனின் மனைவிக்குரியது அன்று. அதுவும் பின்னர் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது.

மண்சரிவு என்றால் என்ன என்று மலையகத்தில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. திறந்த பெட்டியில் கூலியை ஏற்றுவது என்றால் என்ன என்றும் விளக்க வேண்டியதில்லை!

இத்தகைய மரணங்கள் பெருகப் பெருக, 1846ஆம் ஆண்டில் கேம்பல் பிரபு கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. இறந்தவரின் மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் தங்கள் இழப்புக்கு ஈடு கேட்கலாம் என்ற உரிமை அங்கே அன்றுதான் பிறந்தது. இந்தியாவுக்கு அதே வடிவில் ஒரு சட்டம் 1855இல் வந்தது.

இலங்கையில் நடந்தது என்ன?

இலங்கையின் கதை வேறு. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன்–டச்சுச் சட்டத்தில், ஒருவனைத் தவறாகக் கொன்றவன் அவனுடைய மனைவி மக்களைத் தாங்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்ற நெறி முன்னரே இருந்தது. டச்சு அறிஞர் கிரோஷியஸ் அதை 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். ஆகவே, இங்கிலாந்துக்கு 1846இல் கிடைத்த உரிமை இலங்கையின் சட்டத்தில் அதற்கு முன்பே உறங்கிக்கொண்டிருந்தது.

உறங்கிக்கொண்டிருந்தது என்று ஏன் சொல்கிறேன்? 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் வண்டி ஓடிய காலம் முதல், இந்நாட்டின் புகையிரதம் அரசின் சொத்து. அரசன் தவறு செய்ய மாட்டான் என்பது அன்றைய கோட்பாடு. தனியார் வண்டிக்காரன் கவனக்குறைவால் ஒருவனைக் கொன்றால் வழக்குப் போடலாம். அரசின் வண்டி கொன்றால் அரசின்மேல் வழக்கில்லை! வேண்டுமானால் சாரதியின்மேல் வழக்குப் போடு என்றது சட்டம். மாதச் சம்பளத்தில் வாழும் சாரதியிடமிருந்து ஒரு விதவை எதைப் பெறுவாள்?

நாடு சுதந்திரம் பெற்றது 1948இல். அந்தக் கதவு திறந்தது 1969இல். அவ்வாண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், தன் ஊழியர் செய்யும் தவறுக்கு அரசும் தனியாள் போலவே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டது. முதல் வண்டி ஓடி 105 ஆண்டுகள் கழித்து! அதற்கு ஓராண்டு முன்னர், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. இறந்தவர்மேலும் சிறிது பிழை இருந்தால் வழக்கு முழுவதும் விழுந்துவிடாது. பிழையின் அளவுக்கு ஈட்டைக் குறைத்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுக்க வேண்டும் என்றது அது. மிதிபலகையில் நின்றான் என்ற ஒரு சொல்லால் ஒரு குடும்பத்தின் உரிமையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. இதை ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈட்டைக் கணக்கிடுவது எப்படி?

உயிருக்கு விலை போடுவது யாராலும் ஆகாது. நீதிமன்றம் கணக்கிடுவது, அந்த உயிர் குடும்பத்துக்கு ஈட்டித் தந்ததை. எடுத்துக்காட்டாக, கந்தப்பளைப் பக்கத்தில் லீக்ஸும் கரட்டும் பயிரிடும் 45 வயதுச் செய்கையாளர் ஒருவருக்கு மாதம் 60,000 ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். தம் செலவுக்கு 20,000 போக, குடும்பத்துக்கு 40,000, ஆண்டுக்கு 480,000. அவர் இன்னும் 15 ஆண்டுகள் உழைப்பார் என்றால் 72 இலட்சம். மொத்தமாக இன்றே கையில் வருவதால் வட்டியையும், வாழ்வின் நிச்சயமின்மையையும் கருதி நீதிபதி அதில் ஒரு பகுதியைக் குறைப்பார். ஈமச் செலவும் மருத்துவச் செலவும் தனி.

இந்தக் கணக்கில் எல்லாம் முதல் எண்ணைப் பொறுத்தது. மாதம் 60,000 மிஞ்சியது என்பதற்கு என்ன சாட்சி? ஆசிரியருக்குச் சம்பளப் பத்திரம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்குச் செக்ரோலும் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் இருக்கின்றன. மரக்கறிச் செய்கையாளருக்கு என்ன இருக்கிறது? வியாபாரி கொடுத்த துண்டுச்சீட்டை அன்றே அடுப்பில் போட்டுவிடுகிறோம். அந்தத் துண்டுச்சீட்டுத்தான் நாளைக்குப் பிள்ளைகளின் சாட்சி!

உறவை இழந்த துயருக்கு ஈடுண்டா? 2001ஆம் ஆண்டில் நம் உயர் நீதிமன்றம், ஒரு குழந்தையின் மரண வழக்கில், இல்லை என்றது. பண இழப்புக்கே ஈடு, பாசத்தின் இழப்புக்கு ஈடில்லை என்பது அன்றைய சட்டம். சம்பாதிக்காத குழந்தையும், கூலி வாங்காமல் வீட்டைச் சுமந்த தாயும் இறந்தால் ஈடு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். அந்தக் குறையைத் தீர்க்கவே 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்கும் குடும்பத்தார் ஈடு கேட்கலாம் என்று அது இடந்தந்திருக்கிறது. இந்தச் சட்டம் வந்திருப்பது எத்தனை லயங்களுக்குத் தெரியும்?

கடல் கடந்து பாருங்கள்

இவ்வளவு இருந்தும் நம் சட்டத்தில் ஒரு பெரிய முடிச்சு அவிழாமலே கிடக்கிறது. புகையிரதத்தின் தவறை மெய்ப்பிக்க வேண்டியவர் இறந்தவரின் குடும்பத்தார். சமிக்ஞை பிழையா, தடுப்புக் கருவி பழுதா, தண்டவாளம் தளர்ந்திருந்ததா? இவற்றுக்கெல்லாம் ஆதாரம் யார் கையில் இருக்கிறது? திணைக்களத்தின் கையில். எதிராளியின் பெட்டிக்குள் இருக்கும் ஆவணத்தைக் கொண்டுவந்து காட்டு என்று ஏழை விதவையிடம் கேட்பது என்ன நியாயம்?

தமிழ்நாட்டில் 1956 நவம்பர் 23ஆம் நாள், அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு வண்டி வெள்ளத்தில் வீழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவியைத் துறந்தார். பெருந்தன்மையான செயல், மறுப்பதற்கில்லை. ஆனால் அமைச்சர் பதவி விலகியதால் எந்த விதவையின் அடுப்பு எரிந்தது? அடுப்பை எரிய வைக்கக்கூடியது 1943ஆம் ஆண்டில் இந்திய ரயில்வேச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு. வண்டி விபத்துக்குள்ளானால், தவறு யாருடையது என்று கேளாமலே, ரயில்வே நிர்வாகம் ஈடு கொடுக்க வேண்டும் என்றது அது. தொடக்கத்தில் அதன் உச்ச வரம்பு 10,000 ரூபா. தொகை சிறிது; நெறி பெரிது.

அந்த நெறி அங்கே வளர்ந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில்வே கோரிக்கைகளுக்கென்றே தனித் தீர்ப்பாயம் ஏற்பட்டது. சென்னையிலும் அதற்கு அமர்வு உண்டு. 1994ஆம் ஆண்டில், ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்து இறந்தாலும் ஈடு உண்டு என்று சட்டம் விரிந்தது. தற்கொலை, தானே வருவித்துக்கொண்ட காயம், குடிமயக்கம், இயல்பான நோய் போன்ற சில விலக்குகளே உண்டு. மரணத்துக்கான தொகை 2017ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 8 இலட்சம் இந்திய ரூபா.

கேரளத்தின் வர்க்கலை நிலையத்தில் வண்டியேற முயன்று விழுந்து இறந்த ஒரு பெண்ணின் வழக்கு 2008இல் இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அவள் உள்ளே இருந்தாளா, ஏறிக்கொண்டிருந்தாளா என்று நூல்பிடித்துப் பார்க்க மறுத்தார் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு. ஏழைகள் பயணம் செய்யும் நாட்டில் இத்தகைய சட்டத்துக்குப் பரந்த பொருளே கொள்ள வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். 2018 மே 9ஆம் நாள் அதே நீதிமன்றம் இன்னொன்றைத் தெளிவாக்கியது. உடலில் பயணச்சீட்டு அகப்படவில்லை என்பதால் மட்டும் அவர் பிரயாணியல்லர் என்று தள்ளிவிட முடியாது. குடும்பத்தார் உரிய விவரங்களைச் சத்தியக் கடதாசியில் சொன்னால், அதை மறுத்துக் காட்டும் சுமை ரயில்வேயின் தலையில் ஏறும்.

பயணச்சீட்டுப் பற்றிய இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிது என்பதைக் கடலோரத்தைக் கேளுங்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற வண்டி புயலலையில் மூழ்கியது. நம் முன்னோர் இந்த மலைக்கு வந்த வழியும், அதே ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நம்மவர் திருப்பி அனுப்பப்பட இருந்த வழியும் அதுவே. 2004 டிசம்பர் 26ஆம் நாள், நம் தென்கரையில் பெரேலியவில் நின்ற வண்டியை ஆழிப்பேரலை புரட்டியபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்; அலைக்கு அஞ்சி வண்டியில் ஏறிய ஊரவரும் அவர்களுள் இருந்தனர். கடல் கொண்டுபோன சட்டைப்பையில் பயணச்சீட்டைத் தேடுவதா?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! சட்டம் மாறும் நாள் வரை கைகட்டி இருக்கலாகாது. இருக்கும் சட்டத்தைக் கொண்டு பெறக்கூடியதைப் பெற வேண்டும். அதற்கு ஐந்து காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மரண விசாரணை. திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன் நாம் சொல்லும் வாக்குமூலமே வழக்கின் அத்திவாரம். துக்கத்தில், “யார்மேலும் குறையில்லை ஐயா, உடலைக் கொடுத்தால் போதும்” என்று கைநாட்டு வைத்துவிடுகிறோம். உடலைப் பெறுவதற்கு அப்படிச் சொல்ல வேண்டியதில்லை. எந்த வண்டி, எந்தப் பெட்டி, எத்தனை நெரிசல், யார் உடன் வந்தார் என்பதைச் சொல்லுங்கள். எழுதப்பட்டதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் ஒப்பமிடுங்கள்.

இரண்டாவது, உறவுக்கான சான்று. மலையகத்தில் எத்தனையோ கலியாணங்கள் மாரியம்மன் கோயிலில் தாலியோடு முடிந்துவிடுகின்றன, பதிவுக்குப் போவதில்லை. வழக்காற்று மணமும் சட்டத்தில் செல்லும் என்றாலும், அதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க அலைய வேண்டும். அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்றிருந்தால், எதிர்த்தரப்பின் கேள்விகளுக்கு முடிவே இராது. 1948ஆம் ஆண்டில் காகிதம் இல்லை என்று சொல்லியே நம்முடைய பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். காகிதத்தின் வலிமையை நம்மைவிட விலை கொடுத்துக் கற்றவர் யார்? ஆகவே, இறப்பு நேரும்வரை காத்திராமல், கலியாணத்தைப் பதியுங்கள். பெயர்ப் பிழையைத் திருத்துங்கள்.

மூன்றாவது, காலம். இத்தகைய வழக்குக்குப் பொதுவாக இரண்டே ஆண்டுகள்தான் எல்லை. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அரசுக்கு எதிரான வழக்கைச் சட்டமா அதிபருக்கு எதிராகவே தொடுக்க வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்னதாக அவருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். முப்பத்தொன்று, கருமாதி, ஆண்டுத் திதி என்று நாட்கள் ஓடிவிடும். திதிக்கு முன்னரே சட்டத்தரணியைப் பாருங்கள். பணமில்லாதவருக்கென்று 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

நான்காவது, கருணைப் பணம். விபத்து நடந்ததும் யாராவது ஒரு பிரமுகர் ஒரு காசோலையோடு வருவார், படம் பிடிப்பார்கள். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒப்பமிடும் பற்றுச்சீட்டில் “முழுமையான, இறுதியான தீர்வாக” என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், சட்டத்தரணியிடம் காட்டாமல் ஒப்பமிடாதீர்கள். ஈமச் செலவுக்கு வந்த பணம் பிள்ளைகளின் பதினைந்து ஆண்டுச் சோற்றை விழுங்கிவிடக் கூடாது.

ஐந்தாவது, வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த மரணம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தில் தொழில்தருநரின் தவறை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தம், வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. உச்சத் தொகையையும் 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. வேலைத்தலத்துக்குப் புகையிரதத்தில் போய்வருகிறவரின் குடும்பம் இந்தக் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். சேமலாப நிதி வேறு, நட்டஈடு வேறு. முன்னது அவர் சேர்த்த பணம். அதைக் கொடுத்துவிட்டு ஈடு கொடுத்தாயிற்று என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள்.

நாம் கேட்க வேண்டியது

இவை குடும்பம் செய்ய வேண்டியவை. நாடு செய்ய வேண்டியது ஒன்றுண்டு. வேலையாளுக்குத் தவறைக் கேளாமல் ஈடு கொடுக்கும் நெறியை இந்நாடு 1934இலேயே ஏற்றுக்கொண்டது. அதையே பிரயாணிக்கும் கொடுப்பதற்கு என்ன தடை? புகையிரதத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு, யார் தவறு என்ற வாதத்துக்கு முன்னரே, சட்டத்தால் வரையறுக்கப்பட்ட தொகை ஒன்று கிடைக்க வேண்டும். அதற்கு மேல் கேட்பவர் தவறை மெய்ப்பித்து நீதிமன்றத்தில் கேட்கட்டும். பயணச்சீட்டில்லை என்று மறுப்பவர் அதை மெய்ப்பிக்கட்டும். விண்ணப்பமும் விசாரணையும் தமிழிலும் நடக்கட்டும். இது சலுகை அன்று. பயணச்சீட்டின் விலைக்குள் அடங்கிய உரிமை.

“இதற்கெல்லாம் பணம் எங்கே?” என்று கேட்பார்கள். புகையிரதம் நட்டத்தில் ஓடுகிறது என்பார்கள். அந்த நட்டத்தை நாடு முழுவதும் பகிர்ந்து சுமக்கிறது. விபத்தின் நட்டத்தை மட்டும் ஒரு விதவை தனியாகச் சுமக்க வேண்டுமா? அந்தச் சுமையையும் பகிர்ந்தால் தலைக்குச் சில சதமாகும். பகிராவிட்டால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகும், ஒரு மகள் பன்னிரண்டு வயதில் கொழும்பு வீட்டுக்கு வேலைக்குப் போவாள். எது மலிவு?

ஆசிரியர்களே! உங்கள் பள்ளியில் பெற்றோர் கூடும் நாளில் இந்த ஐந்து காரியங்களையும் எடுத்துச் சொல்லுங்கள். தொழிற்சங்கத் தோழர்களே! தோட்டந்தோறும் பதியாத கலியாணங்களின் பட்டியலை எடுங்கள். செய்கையாளப் பெருமக்களே! துண்டுச்சீட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். பாராளுமன்றத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம், வீதிக்கும் கோயிலுக்கும் முன்னதாக, இந்தச் சட்டத்தைக் கேளுங்கள்.

நம் பாட்டன்மார் போட்ட பாதையில் நம் பிள்ளைகள் பயணம் செய்கிறார்கள். அந்தப் பாதையில் ஒருவன் விழுந்தால், அவன் குடும்பம் யாருடைய கருணைக்கும் கையேந்தாமல், சட்டத்தின் வாசலில் நிமிர்ந்து நின்று தனக்குரியதைக் கேட்க வேண்டும். அதற்கு வேண்டிய அறிவை உங்கள் கையில் ஒப்படைத்து அமர்கிறேன்.